டோரண்ட் டவுன்லோடு ஊர்கிறதா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

டோரண்ட் மெதுவாக இறங்குகிறது என்று யாராவது என்னைக் கூப்பிடும்போது, அதற்குள் அவர்கள் செட்டிங்ஸ் பக்கத்தில் ஏழெட்டு எண்களை மாற்றி முடித்திருப்பார்கள். எதை மாற்றினார்கள், முன்பு என்ன எண் இருந்தது என்பது நினைவிருக்காது. பழுது ஒன்றுதான் இருந்திருக்கும். அதன் மேல் நாமே ஏற்றிவைத்த பழுது மூன்று சேர்ந்திருக்கும்.

இதை விண்டோஸ் கணினியையும் க்யூபிட்டாரன்ட் மென்பொருளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மென்பொருள் என்றாலும் இதே அமைப்புகள் வேறு பெயரில் இருக்கும். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தைக் கழித்துவிடும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால், அதற்குப் பின் எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது. இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றிய பிறகு ஐந்து நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். டோரண்ட் வேகம் சட்டென்று ஏறாது. கோப்பு மற்றவர்களின் கணினிகளிலிருந்துதான் துண்டுதுண்டாக வருகிறது. புதிய ஆட்களைப் பிடித்து, அவர்கள் நமக்குத் தர ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு, ஒரு லேன் கேபிள், மென்பொருளின் அண்மைப் பதிப்பு, எழுதிக்கொள்ள ஒரு தாள். பாஸ்வேர்டை இப்போதே தேடி எடுத்துவிடுங்கள். எட்டாம் படியில் நின்றுபோகிறவர்களில் பாதிப் பேர் அது இல்லாமல்தான் நிற்கிறார்கள்.

அப்புறம் ஒரு சோதனை டோரண்ட். உபுண்டு லினக்ஸின் அதிகாரபூர்வ தளத்திலேயே நிறுவல் கோப்பை டோரண்டாகத் தருகிறார்கள். அதில் டெஸ்க்டாப் பதிப்பின் புதிய வெளியீட்டை எடுங்கள். உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை, எந்நேரமும் சீடர்கள் (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பகிர்கிறவர்கள்) நிறைய இருப்பார்கள், கோப்பும் பல ஜி.பி. இருக்கும். சின்னக் கோப்பு சோதனைக்கு உதவாது. வேகம் ஏறி ஒரு நிலைக்கு வருவதற்குள் முடிந்துவிடும். பழைய வெளியீட்டையும் எடுக்காதீர்கள். அதைப் பகிர்கிறவர்கள் குறைந்துபோயிருப்பார்கள்.

ஏற்கெனவே செட்டிங்ஸில் கை வைத்திருந்தால் முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். க்யூபிட்டாரன்டில் கனெக்‌ஷன் பக்கத்தின் இயல்பான எண்கள்: மொத்த இணைப்புகள் 500, ஒரு டோரண்டுக்கு 100, மொத்த அப்லோடு இடங்கள் (ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்புவது) 20, ஒரு டோரண்டுக்கு 4. இந்த நான்கையும் திரும்பப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## 2. உண்மையிலேயே மெதுவா என்று கணக்குப் போடுதல்

இணைய நிறுவனங்கள் வேகத்தைச் சொல்வது பிட் கணக்கில். டோரண்ட் மென்பொருள் காட்டுவது பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100 எம்.பி.பி.எஸ். என்று வாங்கிய இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். வழிச்செலவு போக 11 சொச்சம் வந்தால் அது முழு வேகம்.

வினாடிக்கு 11 மெகாபைட் வந்துகொண்டிருக்கும்போதே “நூறு வாங்கினேன், பதினொன்றுதான் வருகிறது” என்று கொதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் திட்டத்தின் எண்ணை 8-ஆல் வகுத்துத் தாளின் மேலே எழுதுங்கள். இனி எல்லா ஒப்பீடும் அந்த எண்ணோடுதான்.

## 3. டோரண்ட் இல்லாமல் இணைப்பை மட்டும் அளத்தல்

டோரண்ட் மென்பொருளை முழுதாக மூடுங்கள். பெருக்கல் குறியை அழுத்தினால் பல கணினிகளில் அது மூடுவதில்லை. டாஸ்க்பாரின் வலது மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இப்போது கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு வேகச் சோதனைத் தளத்தில் அளவெடுங்கள். டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்லோடு எண்ணை யாரும் எழுதுவதில்லை. ஏழாம் படியில் தேவைப்படப்போவது அதுதான்.

கேபிளில் வேகம் சரி, வைஃபையில் பாதி என்றால் டோரண்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கணினி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது கேபிளிலேயே இருந்துவிடுங்கள். 2.4-இல் சுவர் தாண்டும் திறன் அதிகம், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதே சில சேனல்களில்தான் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

கேபிளிலும் ஏமாற்றம் உண்டு. என் கணினியில் ஒருமுறை 300 எம்.பி.பி.எஸ். இணைப்பு 94-ஐத் தாண்டவே இல்லை. இரண்டு நாள் மென்பொருளை நோண்டினேன். கடைசியில் விண்டோஸின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும்; 100-க்கு இரண்டே போதும். 100-க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒன்று அறுந்தால் கேபிள் செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது. வேகம் 90-களில் போய் முட்டி நின்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல் இருக்கட்டும்.

இந்தப் படியிலேயே வேகம் குறைவு என்றால் இங்கேயே நில்லுங்கள். இணைய நிறுவனத்திடம் பேச வேண்டிய விஷயம் அது. குழாயில் தண்ணீர் வராதபோது வாளியை மாற்றிப் பயனில்லை.

## 4. நாமே போட்ட பூட்டுகளைத் தேடுதல்

இது ஒரு நிமிட வேலை. ஆனால் நான் பார்த்த வினோதமான “பழுதுகள்” பலவும் இங்கேதான் இருந்தன.

ஓர் உறவுக்காரப் பையனின் கணினியில் எந்த டோரண்டைப் போட்டாலும் வேகம் 10 கே.பி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆணி அடித்த மாதிரி 10. சீடர்கள் இருநூறுக்கு மேல். அவன் ரூட்டரை மூன்று முறை ரீசெட் செய்திருந்தான். க்யூபிட்டாரன்டின் கீழ்ப்பட்டையில் வேகமானி போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதை ஒருமுறை கிளிக் செய்தால் ‘மாற்று வேக வரம்பு’ இயங்கத் தொடங்கும். அதன் இயல்பான எண் 10. எப்போதோ கை தவறிப் பட்டிருக்கிறது. டிரான்ஸ்மிஷன் மென்பொருளில் இதே வேலையை ஓர் ஆமைச் சின்னம் செய்கிறது. ஆமை என்பதால் அதில் பார்த்ததும் புரிந்துவிடும்.

வேகம் அலைபாய்ந்தால் அது பெரும்பாலும் வெளியுலகப் பிரச்சினை. ஒரே எண்ணில் நேர்கோடாக நின்றால் எங்கோ ஒரு வரம்பு இருக்கிறது. அதனால் இவற்றைப் பாருங்கள்:

ஸ்பீட் பக்கத்தில் டவுன்லோடு வரம்பு 0, அதாவது வரம்பில்லை, என்று இருக்கிறதா? அங்கே நேர அட்டவணை போட்டிருக்கிறதா? குறிப்பிட்ட டோரண்டின் மேல் வலது கிளிக் செய்தால் அதற்கென்று தனி வரம்பு ஏதும் இருக்கிறதா? மூன்றையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொது வரம்பை எடுத்தாலும் தனி வரம்பு அப்படியே இருக்கும்.

பட்டியலில் ‘வரிசையில் உள்ளது’ என்ற நிலையில் ஒரு டோரண்ட் நின்றால் அது பழுதில்லை. இயல்பாக ஒரே நேரத்தில் மூன்று டவுன்லோடுகள்தான் ஓடும். உயிரில்லாத மூன்று டோரண்டுகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருந்தால், நல்ல டோரண்ட் நான்காவதாகக் காத்துக்கிடக்கும். செத்தவற்றை நிறுத்திவையுங்கள்.

வி.பி.என். (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) பயன்படுத்தியவர்கள் அட்வான்ஸ்ட் பக்கத்தில் நெட்வொர்க் இடைமுகம் என்ற அமைப்பையும் பாருங்கள். அங்கே வி.பி.என்.-ஐக் கட்டிவைத்திருந்தால், அது அணைந்திருக்கும்போது வேகம் சுத்தமாகப் பூஜ்யம்தான். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவே.

## 5. சோதனை டோரண்டை ஓட்டுதல்: பாதை பிரியும் இடம்

மற்ற எல்லா டோரண்டுகளையும் நிறுத்திவிட்டு, உபுண்டு டோரண்டை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அதிகபட்ச வேகத்தைத் தாளில் எழுதுங்கள்.

இரண்டாம் படியில் கணக்கிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? உங்கள் கணினி, ரூட்டர், இணைப்பு எல்லாம் நலம். பிரச்சினை நீங்கள் இறக்க நினைத்த அந்த டோரண்டில் இருக்கிறது. ஆறாம் படிக்குப் போங்கள். ஆள் குறைந்த டோரண்ட் என்றால் எட்டாம் படியையும் பாருங்கள், மீதியைப் படிக்க வேண்டியதில்லை. உபுண்டுவும் ஊர்கிறது என்றால் ஆறை விட்டு ஏழுக்குப் போங்கள்.

இந்தப் படியைப் பெரும்பாலோர் செய்வதில்லை. இரண்டே சீடர்கள் உள்ள டோரண்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போர்ட்டைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள்.

## 6. அந்த டோரண்டையே விசாரித்தல்

சீடர் பத்தியில் 3 (40) என்று இருந்தால், நீங்கள் இப்போது இணைந்திருப்பது 3 பேரோடு. அடைப்புக்குள் இருக்கும் 40 டிராக்கர் (யார் யார் பகிர்கிறார்கள் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்) சொல்லும் மொத்தக் கணக்கு. டிராக்கர் கணக்கு பழையதாக இருக்கலாம். அடைப்புக்கு வெளியே உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

அடுத்து கீழே ஜெனரல் தாவலில் ‘கிடைக்கும் அளவு’ என்ற பட்டையைப் பாருங்கள். அந்த எண் 1 அல்லது அதற்கு மேல் என்றால் நீங்கள் இணைந்திருப்பவர்களிடம் கோப்பின் எல்லாத் துண்டுகளும் சேர்த்து ஒரு முழுப் பிரதியாவது இருக்கிறது. 0.87 என்றால், இப்போது இணைந்திருப்பவர்களிடம் 87 சதவீதத் துண்டுகள்தான் உண்டு. மீதியை வைத்திருக்கும் ஒருவர் வரும்வரை எந்த அமைப்பை மாற்றினாலும் அங்கே நிற்கும். வேறு பகிர்வைத் தேடுவது, அல்லது கணினியை ஓடவிட்டுக் காத்திருப்பது, இரண்டில் ஒன்று.

மேக்னட் இணைப்பைப் போட்டதும் ‘மெட்டாடேட்டா இறங்குகிறது’ என்றே நிற்கிறதா? மேக்னட்டில் கோப்பின் அடையாள எண்ணும், சில நேரம் டிராக்கர் முகவரிகளும்தான் இருக்கும். கோப்புப் பட்டியலையே அடுத்தவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். டிராக்கர் முகவரி இல்லாத மேக்னட் என்றால் ஆட்களைத் தேட டி.எச்.டி. (டிராக்கர் இல்லாமல் பயனர்கள் ஒருவர் மூலம் ஒருவரைக் கண்டுபிடிக்கும் முறை) வேண்டும். செட்டிங்ஸின் பிட்டாரன்ட் பக்கத்தில் அது அணைக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். கீழ்ப்பட்டையில் டி.எச்.டி. முனைகளின் எண்ணிக்கை சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் ஏற வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் யு.டி.பி. (டி.எச்.டி. பயன்படுத்தும் தரவு அனுப்பும் முறை) எங்கோ அடைபட்டிருக்கிறது, ஃபயர்வாலைப் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் நூறு டிராக்கர்கள் கொண்ட பட்டியலை ஒட்டுவதால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கோப்பை யாரும் அங்கே பதிவு செய்திருக்காவிட்டால் டிராக்கரால் கொடுக்க ஒன்றுமில்லை. ஆட்கள் இருந்தால் டி.எச்.டி. வழியாகவே பெரும்பாலும் வந்துசேர்வார்கள்.

தொடக்கத்திலிருந்தே வீடியோவைப் பார்க்க ‘வரிசையாக இறக்கு’ என்று டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். இயல்பாக மென்பொருள் அரிதான துண்டுகளை முதலில் எடுக்கும். அரிதானது உங்களிடம் இருந்தால் மற்றவர்களுக்கு நீங்கள் வேண்டப்பட்டவர், பதிலுக்குத் தருவார்கள். எல்லோரிடமும் உள்ள முதல் துண்டுகளை மட்டும் வைத்திருப்பவரிடம் கேட்க யாருக்கும் ஒன்றுமில்லை.

## 7. அப்லோடை அடக்குதல்

இந்த ஒரு படியை மட்டும் செய்து வேகத்தை மீட்டவர்கள் அதிகம். ஏன் என்று புரிந்துகொண்டால் பிறகு மறக்காது.

கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் கணினி “வந்தது, வந்தது” என்று சின்னச் சின்ன ஒப்புகைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒப்புகை போய்ச் சேர்ந்தால்தான் எதிர்முனை அடுத்ததை அனுப்பும். டோரண்ட் மென்பொருள் அப்லோடு முழுவதையும் பிடித்துக்கொண்டால், இந்த ஒப்புகைகள் ரூட்டரின் வரிசையில் பின்னால் போய் நிற்கும். தாமதம் கூடக் கூட எதிர்முனை வேகத்தைக் குறைக்கும். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு விழுவது இப்படித்தான். அப்லோடு குறைவாகவும் டவுன்லோடு அதிகமாகவும் தரும் இணைப்புகளில் இது இன்னும் மோசம்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கமாண்ட் பிராம்ப்டில் ஏதாவது ஒரு பெரிய தளத்துக்கு நிற்காமல் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். டோரண்ட் நின்றிருக்கும்போது 20 மில்லிவினாடி என்று சீராக வரும். டோரண்டை வரம்பில்லாமல் ஓடவிடுங்கள்: 20, 24, 180, 460, 900, நடுவில் ஒன்றிரண்டு பதிலே வராது. அந்த 900-தான் உங்கள் ஒப்புகைகள் வரிசையில் நிற்கும் நேரம். வீட்டில் மற்றவர்கள் “நெட் போச்சு” என்று கத்துவதும் அப்போதுதான்.

வரம்பு எவ்வளவு? அளந்த அப்லோடில் 80 சதவீதம். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: மூன்றாம் படியில் அளந்த அப்லோடு எம்.பி.பி.எஸ். எண்ணை 100-ஆல் பெருக்கி, அதை அப்படியே க்யூபிட்டாரன்டின் அப்லோடு வரம்பில் போடுங்கள். 20 எம்.பி.பி.எஸ். என்றால் 2000. 5 என்றால் 500. அந்தப் பெட்டியின் அலகு வினாடிக்கு கிபிபைட் (1024 பைட்) என்பதால் கணக்கு ஏறக்குறைய 82 சதவீதத்தில் வந்து நிற்கும். பிறகு பிங் எண்ணைப் பாருங்கள். இன்னும் நூறைத் தாண்டினால் வரம்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. “அப்லோடே வேண்டாம்” என்று 1 போட்டுவிடுவது. டோரண்ட் கொடுக்கல் வாங்கலில் ஓடுவது. ஒவ்வொரு கணினியும் தனக்கு நன்றாகத் தருகிற சிலருக்கு மட்டும் வாசலைத் திறந்துவைக்கும். 10 வினாடிக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும். முன்பின் தெரியாத ஒருவருக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்பது 30 வினாடிக்கு ஒருமுறைதான். ஒன்றுமே தராதவர் அந்த ஒரே வாய்ப்பை நம்பிக் கிடக்க வேண்டும். சீடர்கள் நிறைந்த டோரண்டில் இது தெரியாது. சீடர் குறைந்த இடத்தில் பளிச்சென்று தெரியும்.

டோரண்டுக்கு வெளியேயும் அப்லோடு திருடர்கள் உண்டு. டவுன்லோடு கோப்புகளை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ சேமிக்கிறீர்களா? பல கணினிகளில் அவை மேகச் சேமிப்போடு ஒத்திசைந்திருக்கும். நீங்கள் இறக்க இறக்க அது மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். சேமிக்கும் இடத்தை ஒத்திசைவு இல்லாத கோப்புறைக்கு மாற்றுங்கள்.

## 8. உள்வரும் போர்ட்டைத் திறத்தல்

நீங்கள் ஒருவரைத் தேடிப் போய் இணையலாம். அவர் உங்களைத் தேடி வந்தும் இணையலாம். உங்கள் வாசல், அதாவது வெளியிலிருந்து இணைப்புகள் வந்து சேரும் போர்ட், மூடியிருந்தால் முதல் வகை மட்டும்தான். வாசல் மூடிய இருவர் பொதுவாக ஒருவரோடு ஒருவர் இணையவே முடியாது. ஆகவே போர்ட் மூடியவருக்குக் கூட்டத்தில் ஒரு பகுதி கண்ணுக்கே தெரியாது.

முதலில் நிலை என்ன என்று பாருங்கள். க்யூபிட்டாரன்டின் கீழ்ப்பட்டையில் உள்ள இணைப்புச் சின்னத்தின் மேல் மவுஸை வைத்தால் சொல்லும். இன்னும் உறுதியான சான்று வேண்டுமென்றால் பியர்ஸ் தாவலைத் திறந்து, ஃபிளாக்ஸ் பத்தியில் ‘ஐ’ என்ற பெரிய ஆங்கில எழுத்து யாருக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் அவர் உங்களைத் தேடி வந்தவர். வாசல் திறந்திருக்கிறது, ஒன்பதாம் படிக்குப் போகலாம்.

இல்லையென்றால் இந்த வரிசையில்:

போர்ட் எண். 49152-க்கும் 65535-க்கும் நடுவில் ஏதாவது ஓர் எண்ணைத் தேர்ந்து கனெக்‌ஷன் பக்கத்தில் போடுங்கள். பழைய வழக்கமான 6881 முதல் 6889 வரை வேண்டாம். டோரண்ட் என்றாலே நினைவுக்கு வரும் எண்கள் அவை, கட்டுப்படுத்த நினைப்பவர்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

தானியங்கி வழி. அதே பக்கத்தில் யு.பி.என்.பி. என்ற தேர்வை டிக் செய்து, ரூட்டரிலும் அதை இயக்குங்கள். மென்பொருளே ரூட்டரிடம் கேட்டு வாசலைத் திறந்துகொள்ளும். பல வீடுகளுக்கு இதோடு வேலை முடிந்தது. யு.பி.என்.பி. இயங்கினால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் இப்படிக் கேட்டுத் திறந்துகொள்ளலாம் என்பதால், எனக்குக் கையால் செய்வதே பிடிக்கும்.

கைவழி. ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போய் அந்த எண்ணை உங்கள் கணினியின் உள் ஐ.பி. முகவரிக்குத் திருப்புங்கள். டி.சி.பி., யு.டி.பி. இரண்டையும் தேர்ந்தெடுங்கள், டி.எச்.டி.யும் இணைப்புகளில் ஒரு பகுதியும் யு.டி.பி.யில்தான் ஓடுகின்றன.

அடுத்தது புதியவர்கள் தவறாமல் விழும் குழி. இன்று 192.168.1.5 ஆக இருக்கும் கணினி அடுத்த வாரம் 192.168.1.8 ஆகிவிடும். ரூட்டர் மட்டும் விடாப்பிடியாக 5-க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். “போன வாரம் நன்றாக இருந்தது” என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. ரூட்டரின் டி.எச்.சி.பி. (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) பக்கத்தில் உங்கள் கணினிக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டு, அப்புறம் ஃபார்வர்டிங் செய்யுங்கள். கேபிளுக்கும் வைஃபைக்கும் முகவரி வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் ஃபயர்வால். அனுமதிப் பட்டியலில் மென்பொருளின் பெயர் இருக்கிறதா, பிரைவேட், பப்ளிக் இரண்டில் உங்கள் நெட்வொர்க் எந்த வகையோ அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்க வேண்டாம்.

சோதனைத் தளத்தில் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும்போது டோரண்ட் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூடிவிட்டுச் சோதித்தால் எப்போதும் மூடியே காட்டும், ஏனென்றால் கதவைத் தட்டினால் திறக்க உள்ளே ஆளில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் மூடியே இருக்கிறதா? ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கிவைத்திருக்கிறது. அந்த வாசல் உங்கள் வீட்டில் இல்லை. உங்கள் ரூட்டரில் எதைத் திறந்தாலும் பயனில்லை. 10, 192.168 போன்ற எண்களில் தொடங்கினால் நிறுவனத்தின் அதே ஏற்பாடாகவும் இருக்கலாம், வீட்டிலேயே ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு ரூட்டர்கள் இருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு ரூட்டர் என்றால் ஒன்றைப் பிரிட்ஜ் முறைக்கு (முகவரி பிரிக்காமல் வெறுமனே கடத்திவிடும் நிலைக்கு) மாற்றுங்கள். நிறுவனத்தின் ஏற்பாடு என்றால் தனிப் பொது முகவரி கேட்கலாம், அல்லது ஐ.பி.வி.6 (புதிய வகை இணைய முகவரி முறை) இருந்தால் அதை இயக்கலாம், அல்லது போர்ட் ஃபார்வர்டிங் தரும் வி.பி.என். பார்க்கலாம். எதுவும் முடியாவிட்டாலும் கவலையில்லை. வெளியே தேடிப் போகும் இணைப்புகளிலேயே நல்ல டோரண்ட் முழு வேகத்தில் இறங்கும். இழப்பு ஆள் குறைந்த டோரண்டுகளில்தான்.

## 9. வட்டும் ஆன்டிவைரஸும்

இணைப்பு வேகமாகி, வட்டு பழையதாகவே இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி வருகிறது. வேகம் ஏறும், சட்டென்று பூஜ்யம், மறுபடி ஏறும் என்று ரம்பப்பல் போல வரைபடம் வந்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். 100 சதவீதத்தில் நின்றால் எழுதுவதற்கு வட்டு திணறுகிறது.

டோரண்ட் துண்டுகள் கோப்பின் கண்ட கண்ட இடங்களுக்குத் தாறுமாறாக வரும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு இந்தத் தாவல் கடினம். பென்டிரைவுக்கு அதைவிடக் கடினம். எஸ்.எஸ்.டி. இருந்தால் முடியாத கோப்புகளுக்கு அதில் ஒரு கோப்புறை கொடுத்து, முடிந்ததும் பெரிய வட்டுக்கு நகர்த்தும்படி டவுன்லோட்ஸ் பக்கத்தில் அமைக்கலாம். எஸ்.எஸ்.டி. இல்லையென்றால் ஒரே நேரத்தில் ஓடும் டோரண்டுகளை ஒன்றிரண்டாகக் குறையுங்கள்.

வட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் ஆன்டிவைரஸ் நிறுத்தி விசாரிப்பதும் இதே அறிகுறியைத் தரும். முடியாத கோப்புகள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். முடிந்த கோப்பு போய்ச் சேரும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

## 10. இணைப்புகளின் எண்ணிக்கை

இதை ஏன் இவ்வளவு தள்ளி வைத்தேன் என்றால், எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். 500-ஐ 5000 ஆக்கினால் பத்து மடங்கு வேகம் வராது. ஒவ்வொரு இணைப்புக்கும் ரூட்டர் ஒரு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; மலிவான ரூட்டரில் அந்தப் பட்டியல் சீக்கிரமே நிரம்பிவிடும். அறிகுறி: டோரண்ட் ஓடத் தொடங்கி அரைமணி நேரத்தில் வீட்டில் எந்தப் பக்கமும் திறக்காது, ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும், மறுபடி அதே கதை. உங்கள் வீட்டில் இது நடந்தால் 500-ஐ 200 ஆகக் குறைத்துப் பாருங்கள். வேகம் குறையாததைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள்.

அரைகுறை இணைப்புகளின் வரம்பை உடைக்க விண்டோஸ் கோப்பு ஒன்றைத் திருத்தச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அது எக்ஸ்.பி. காலத்து வரம்பு, இன்றைய விண்டோஸில் இல்லை. ‘டோரண்ட் வேகமூட்டி’ என்று வரும் மென்பொருள்களையும் நிறுவாதீர்கள். அவை ஊட்டுவது வேறு எதையாவதுதான்.

## 11. இணைய நிறுவனம் கட்டுப்படுத்துகிறதா என்று பார்த்தல்

இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வருகிறது. மேலே உள்ள பத்தையும் கழித்த பிறகுதான் இதற்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் இதன் அறிகுறிகள் மற்ற எல்லாவற்றின் அறிகுறிகளையும் போலவே இருக்கும்.

ஒரே உபுண்டு கோப்பை வைத்து அடுத்தடுத்து மூன்று அளவுகள் எடுங்கள்: பிரவுசர் வழியாக நேரடி டவுன்லோடு, டோரண்ட் வழியாக, பிறகு வி.பி.என். போட்டு டோரண்ட் வழியாக. பிரவுசரில் வேகம், டோரண்டில் மந்தம், வி.பி.என்.-இல் மறுபடி வேகம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. மூன்றையும் காலை, இரவு என இரண்டு வேளை செய்யுங்கள். இரவில் மட்டும் மூன்றுமே விழுந்தால் அது நெரிசல்.

வி.பி.என். போட்டதும் வேகம் இன்னும் குறைந்தால் அதை நிறுவனத்தின் கணக்கில் எழுதாதீர்கள், தொலைவிலுள்ள வி.பி.என். சர்வரே அடைப்பாக இருக்கலாம். பக்கத்து நாட்டு சர்வர் ஒன்றை வைத்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

கட்டுப்பாடு என்று தெரிந்தால் முதலில் பிட்டாரன்ட் பக்கத்தில் என்கிரிப்ஷனை (மறைகுறியாக்கத்தை) ‘கட்டாயம்’ என்று மாற்றி ஒரு நாள் பாருங்கள். டோரண்ட் பேச்சின் வடிவத்தை மட்டும் பார்த்து அடையாளம் காணும் எளிய தடுப்புகளை அது தாண்டிவிடும். மறைகுறியாக்கம் இல்லாதவர்களோடு இணைய முடியாது என்பது அதன் விலை. பலன் தெரியவில்லை என்றால் மறக்காமல் ‘அனுமதி’ என்ற பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள். அந்தத் தேர்வைக் கட்டாயத்திலேயே விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சீடர்கள் கிடைப்பதில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.